மெல்ல இறக்கு

மார்ச் 4, செவ்வாய்

காற்று அதிகம். மதியம் வரை கிரேனில் ஒரு சுமையும் ஏற்றவில்லை. மேலே கேபினில் உட்கார்ந்து காற்று தணியக் காத்திருந்தேன். கீழே ஆட்கள் மிளகு சிதறியது போலத் தெரிந்தார்கள். இத்தனை வருடத்தில் இந்த உயரம் என்னை ஒன்றும் செய்ததில்லை. கோபுரம் ஆடும், கம்பி முனகும், நான் பாட்டுக்கு ஃபிளாஸ்கைத் திறந்து டீ குடிப்பேன்.

வேலை முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். டயாலிசிஸ் முடிந்து வந்து சுருண்டு கிடந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த தண்ணீர் பாட்டில் பக்கத்தில். அதில் பாதியை அப்படியே மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கியபடி பேசினாள். வீட்டில் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் நல்லது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. "நான் தரேன்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. ஊசி.

மார்ச் 5, புதன்

மனைவியிடம் சொன்னேன். "தான் ஆடாட்டாலும் தசை ஆடும்பாங்க. உங்களுக்குத் தசை ஆடுறதுக்கு முன்னாடி தலை ஆடுமே!" என்றாள். கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. நல்ல மனுஷி.

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனோம். ஊசி போட்டது குழந்தைக்கு. விழுந்தது நான்.

மார்ச் 11, செவ்வாய்

முதல் கட்டப் பரிசோதனைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரை போக வேண்டாம், ரத்தத்தை உங்கள் தெரு டாக்டரிடமே கொடுத்தால் போதும் என்றார்கள். சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த கிளினிக். எனக்குத் துணையாகத் தங்கையும் வந்தாள். யாருக்கு யார் துணை பாருங்கள்!

உள்ளே பச்சை நாற்காலிகள், சத்தம் இல்லாமல் ஓடும் டிவி, மூலையில் காகிதக் கப் செருகிய தண்ணீர் மெஷின். தங்கை அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். யாராவது தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் குமிழி மேலே போகும் சத்தம் கேட்கும். அப்போது மட்டும் பேச்சை நிறுத்துவாள்.

என் முறை வந்தது. நர்ஸ் சின்னப் பெண், என் தோளுக்குக்கூட வரமாட்டாள். "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும் சார்" என்றாள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பஞ்சில் ஸ்பிரிட் வாசனை. அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், கால்கள் நாற்காலிமேல். ஊசியை அவள் உறையிலிருந்து எடுக்கவே இல்லையாம்! கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு பாட்டியம்மா, "ஆளைப் பார்த்தா மலை மாதிரி இருக்கான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மீதியை நல்லவேளை சொல்லவில்லை.

தெருவில் நடக்கும்போது தங்கை என் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "வேணாம்ணா. விட்டுடு. நீ தரேன்னு சொன்னதே எனக்குப் போதும்."

மார்ச் 12, புதன்

போதுமாமே. எப்படிப் போதும்?

மார்ச் 14, வெள்ளி

மாப்பிள்ளையின் அண்ணன் யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கே வந்துவிட்டது. "மனசில்லைன்னா நேரா சொல்லிடலாமே, மயக்கம் எதுக்கு?"

மனசில்லையாம். எனக்கு! அவ நடக்கப் பழகினதே என் விரலப் பிடிச்சுத்தான். இந்த ஆளு எங்க இருந்தாரு அப்போ? நான் நடிக்கிறேனாம். நடிக்கிறவன் தலை வீங்கற மாதிரியா விழுவான்?

ஆனால் ஒன்று — பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? மனசு இருக்கிறது என்பதை எதைக் கொண்டு காட்டுவேன்? ரத்தத்தைக் கொண்டுதான் காட்ட வேண்டும். அது வெளியே வருவேனா என்கிறது.

மார்ச் 20, வியாழன்

கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் கொடுக்க இல்லை. டாக்டரம்மாவைப் பார்க்க.

முன்மேசையில் இருக்கும் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன உடம்புக்கு?" என்றார். "பயம்" என்றேன். எழுதிக்கொண்டார், காய்ச்சல் என்று சொன்னால் எழுதுவது போலவே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முதலில் துணைக்கு வந்திருந்த மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, "உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? இருந்தா சொல்லுங்க, வெளிய போகாது" என்று கேட்டார். "எல்லாரும் விட்டுடுன்னுதாங்க சொல்றாங்க. நான்தான் விடமாட்டேங்கறேன்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாருக்கும் பயந்தா ரத்த அழுத்தம் ஏறும். உங்களுக்கு ஏறிட்டு, அப்புறம் பொத்துனு இறங்குது. தலைக்கு ரத்தம் போறதில்ல, விழுந்துடறீங்க. இது கோழைத்தனம் இல்ல. உடம்போட பழக்கம். மாத்தலாம்."

மாத்தலாம்! அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு ஒரு மாலை போட்டிருப்பேன்.

மாற்றும் வித்தையை நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். ஊசி போடும் கையைத் தளர்வாக விட வேண்டும். தொடை, வயிறு, மற்ற கை எல்லாவற்றையும் முகம் சூடாகும் வரை இறுக்கிப் பிடித்து, அப்புறம் விட வேண்டும். மறுபடியும் இறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அழுத்தம் இறங்காதாம். "வீட்ல தினமும் பழகுங்க சார். ஊசி இல்லாமதான், பயப்படாதீங்க" என்றாள். இன்று முதல் அவள் பெயர் கொசு.

மார்ச் 23, ஞாயிறு

கூடத்தில் உட்கார்ந்து பழகினேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு மலச்சிக்கல்" என்று கத்தினாள்.

ஏப்ரல் 3, வியாழன்

ஊசி உள்ளே போனது!

போனது, நான் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துத் தொடையை இறுக்கினேன். கொசு கொசுவாகவே கடித்தாள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. "ரத்தம் வருது சார், நல்லா வருது" என்றாள். சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாடா என்று உடம்பை மொத்தமாக விட்டேன்.

மறுபடி தரை. இந்த முறை தட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறேன். குழாயில் பாதி நிரம்பவில்லை. பஞ்செல்லாம் அறை முழுக்க. கொசுவின் வெள்ளைச் செருப்பில் என் ரத்தம். அவள் செருப்பைத் துடைத்துக்கொண்டே, "பாதி தூரம் வந்துட்டீங்க சார்" என்றாள்.

பாதி தூரம். கிணற்றைப் பாதி தாண்டியவன் எங்கே கிடப்பான் என்று எனக்குத் தெரியாதா?

"இறுக்குங்க, கொஞ்சம் கொஞ்சமா விடுங்கன்னு சொல்லிட்டேதான் இருந்தேன், உங்களுக்குக் கேட்கலையா?" என்றாள். கேட்கவில்லை. பயம் வந்தால் காதில் இரைச்சல் மட்டும்தான் இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று காலை ஒரு படிக்கட்டுத் துண்டை இறக்கினோம். வார்த்துக் கொண்டுவந்த முழுக் கான்கிரீட். பாதியில் வயர்லெஸ் செத்துவிட்டது. நான் கவலைப்படவில்லை. கீழே சிக்னல் நின்றான்.

அவனுக்கு வேறு பெயர் உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை. சுமைக்குப் பக்கத்தில் நின்று கையால் எனக்கு வழி காட்டுவது அவன் வேலை. சுட்டு விரல் மேலே பார்த்துச் சுற்றினால் தூக்கு. கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு. அந்த விரலுக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெல்ல. இரண்டு கையையும் கோர்த்து வயிற்றின் முன்னே வைத்தால் அப்படியே நில். அந்தக் கைகளைப் பார்த்தால் என் கை தானாக வேலை செய்யும். நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

படிக்கட்டு தரையைத் தொடுகிற சமயம். விரல் கீழே சுற்றுகிறது, மேலே உள்ளங்கை. மெல்ல இறக்கு. நானும் பஞ்சைப் போல இறக்குகிறேன். இறக்கிக்கொண்டிருக்கும்போதே பொறி தட்டியது.

மடையா! சுமையைத் தூக்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் எந்த ஆபரேட்டராவது கயிற்றை மொத்தமாக விடுவானா? அன்றைக்கு நான் செய்தது அதுதானே? தூக்கத் தெரிந்தது, இறக்கத் தெரியவில்லை. காது கேட்கவில்லை என்று வேறு புலம்பல். இங்கே என்றைக்குக் காதால் வேலை செய்தேன்?

சாப்பாட்டு நேரத்தில் சிக்னலிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கழன்று உருண்டது. "ஊசிக்கா? நீயா அண்ணே?" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். சொன்னேன். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "என்னைக்குப் போகணும்?" என்றான்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதியே ஆக வேண்டும். இன்றைக்கு எழுதாவிட்டால் என்றைக்கு எழுதுவது?

சிக்னல் வேலை உடுப்போடு வந்துவிட்டான். ஆரஞ்சு சட்டை, ஹெல்மெட், கையுறை. "உடுப்பு எதுக்குடா?" என்றால், "உடுப்பு இல்லாம நான் சொன்னா உன் கை கேக்காதுண்ணே" என்கிறான். காத்திருந்தவர்கள் எல்லாம் கூரையில் ஏதோ பழுது என்று மேலே பார்த்தார்கள்.

முன்மேசை அம்மா மறித்தார். "சிகிச்சை அறைக்குள்ள நோயாளி மட்டும்தான்."

"நான் நோயாளியோட ஆளு இல்லம்மா. ஊசிக்கு ஆளு" என்றான் சிக்னல்.

அவர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். டாக்டரம்மா வந்து, ஹெல்மெட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டார். நான் விரலைச் சுற்றிக் காட்டி விளக்கினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன். "கையுறையைக் கழட்டிட்டு, கை கழுவிட்டு உள்ள போங்க. நானும் வரேன், பார்க்கணும்" என்றார்.

சிக்னல் எதிர்ச் சுவரில் இதயம் வரைந்த படத்துக்கு முன்னால் நின்றான். நான் அவன் கையை மட்டும் பார்த்தேன். பட்டை கட்டினாள். இரைச்சல் ஆரம்பித்தது. ஸ்பிரிட் வாசனை. கண்ணோரம் இருட்டியது. சிக்னலின் விரல் மேலே சுற்றியது. தூக்கு. என் தொடை இறுகியது, வயிறு இறுகியது. நான் இறுக்கவில்லை, சத்தியமாக, அதுவாக இறுகியது! இருட்டு பின்னால் போனது. அவன் கை கோர்த்தான். அப்படியே நில். நின்றேன். எங்கேயோ ஒரு கொசு கடித்தது. விரல் கீழே திரும்பியது, மேலே உள்ளங்கை. மெல்ல இறக்கு. கொஞ்சம் விட்டேன். இன்னும் கொஞ்சம். மறுபடி விரல் மேலே. தூக்கு.

கொசு குழாய் மாற்றினாள். ஒன்று, அப்புறம் இன்னொன்று, அதற்குமேல் நான் பார்க்கவில்லை. படிக்கட்டை இறக்கியதைவிடப் பொறுமையாக என்னை இறக்கினான் அந்தப் பயல். கடைசியில் கையைக் கிடைமட்டமாக வீசினான். நிறுத்து. சுமை தரையில்.

"முடிஞ்சுது சார்" என்றாள் கொசு. அவள் குரல் கேட்டது! காது கேட்டது!

நான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியில். டாக்டரம்மா கை தட்டிவிட்டார். சிக்னல் முகம் முழுக்க வேர்வை, எனக்குக்கூட அவ்வளவு இல்லை. வெளியே வந்தால் அதே பாட்டியம்மா, மாத்திரை வாங்க வந்தவர். "என்னப்பா, இன்னைக்கும் விழுந்தியா?" என்றார். "இல்லைங்க" என்றேன்.

தங்கைக்கு போன் செய்தேன். "குடுத்துட்டேன்." "பொய் சொல்லாதேண்ணா" என்றாள். சிக்னல் போனைப் பிடுங்கி, "தங்கச்சி, நான் சாட்சி!" என்று தெரு அதிரக் கத்தினான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரத்தம் சேர்கிறது.

மே 16, வெள்ளி

ஒரு தடவை கொடுத்தால் தீருமா? மறுபடி, மறுபடி கேட்கிறார்கள். சட்டியில் இருக்கிறது, அகப்பையில் வருகிறது. இப்போது கிளினிக்கில் நான் பிரபலம். முன்மேசை அம்மா என்னைப் பார்த்ததும், "கிரேன் வந்தாச்சு, சிக்னல் எங்க?" என்கிறார்.

இன்று தங்கையும் வந்திருந்தாள். அறை வாசலில் நின்று முழுக்கப் பார்த்தாள். பயலின் விரல் சுற்றுவதையும் நான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்துச் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அப்புறம் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று சிக்னலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தண்ணீர் மெஷினுக்கு மட்டும் இன்றும் முதுகுதான்.

ஜூன் 19, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். எல்லாம் பொருந்திவிட்டது. தேதியும் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் தானே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றுகொண்டே இருந்தார். "உக்காருங்க, டீ போடச் சொல்றேன்" என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

பெரிய ஆஸ்பத்திரி. நாளைக் காலை. சிக்னலை உள்ளே விடமாட்டார்களாம். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான், டாக்டரம்மாவும் போனில் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. வெளியே கேட்டருகே நிற்பானாம். அங்கிருந்து கையைக் காட்டினால் எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 18, வெள்ளி

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. விலா ஓரம் வலி. இரும முடியவில்லை, சிரிக்க முடியவில்லை. மகளை வந்து பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன், அவள் வாயைத் திறந்தால் எனக்குத் தையல் பிரிந்துவிடும்.

அன்று காலை நடந்ததை எழுத வேண்டும். கையில் ஊசிக்குழாய் செருக வந்தார்கள். புது ஆள், பெரிய ஊசி. இரைச்சல் வந்துவிட்டது. எதிரே வெறும் சுவர், இதயப் படம்கூட இல்லை. சரி, நானே எனக்கு சிக்னல் என்று முடிவு செய்து சும்மா இருந்த கையின் விரலை மேலே சுற்றினேன். தூக்கு. இறுகியது. நல்ல பிள்ளையாக உடம்பு கேட்டது. ஊசி போனது. விரலைக் கீழே திருப்பினேன் — அப்போதுதான் உறைத்தது. "மெல்ல" என்பதற்கு இரண்டு கை வேண்டும்! என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மற்றது அவர்கள் பிடியில். கண்ணோரம் இருட்ட ஆரம்பித்தது.

அப்போது ஒரு உள்ளங்கை வந்து என் விரலுக்கு மேலே கவிழ்ந்தது.

பக்கத்து அறையிலிருந்து தங்கை எழுந்து வந்திருந்தாள். என்னைப் போலவே பச்சை அங்கி, தலையில் தொப்பி. கையை அப்படியே பிடித்திருந்தாள். மெல்ல இறக்கினேன். மெல்ல, மெல்ல, இருட்டு போகும் வரை.

"இறங்கிடுச்சா?" என்றாள்.

"இறங்கிடுச்சு" என்றேன்.

ஜூலை 19, சனி

கிட்னி வேலை செய்கிறது. முதல் நாளிலிருந்தே. பை பையாகச் சிறுநீர் போகிறது என்று மாப்பிள்ளை வந்து சொல்கிறார், பரீட்சையில் பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல.

அக்டோபர் 23, வியாழன்

எனக்கு வழக்கமான பரிசோதனை. கிளினிக் போனேன். வேலைக்குத் திரும்பியாகிவிட்டது, ஆனால் சிக்னலுக்கு இன்று லீவு கிடைக்கவில்லை. தங்கை, "நான் வரேன், எனக்கும் நடந்த மாதிரி இருக்கும்" என்றாள். முகமூடி மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது. கொசு பட்டையைக் கட்டினாள். வெளியே தங்கை எழுந்தாள். தண்ணீர் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு காகிதக் கப்பை உருவினாள். பிடித்தாள். குமிழி மேலே போனது. முகமூடியை இறக்கிவிட்டு ஒரே மடக்கில் குடித்தாள். இன்னொன்று பிடித்தாள். அதையும் குடித்தாள். மூன்றாவதும் பிடித்தாள். அவசரமே இல்லை அவளுக்கு, யாரும் பிடுங்கப் போவதில்லை. முன்மேசை அம்மா, "பின்னால வரவங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைம்மா" என்றார். தங்கை வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்னொரு கப் பிடித்தாள். பிறகு, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கொசுவிடம் திரும்பி, "சரி, ஆரம்பிங்க, நான் தயார்" என்றேன்.

"எதை சார் ஆரம்பிக்க?" என்றாள். ரத்தம் நிரம்பிய குழாய் தட்டில் இருந்தது. என் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.